எண்ணெய்ச் சட்டி வைக்காத வருஷம்

— அப்புறம்?

— அப்புறம் மோட்டார் போடுவேன். டேங்க் ரொம்புற வரைக்கும் மாடிப்படியில உக்காந்திருப்பேன். பால் பாக்கெட்டை எடுத்துட்டு வந்து காய்ச்சுவேன்.

— அப்புறம்?

— ஷேவ் பண்ணுவேன். குளிப்பேன். சட்டையைத் தேய்ப்பேன். முக்குக் கடையில இட்லி. வண்டியை எடுத்தா ஒரத்தநாடு ரோடு. ஆஸ்பத்திரி வாசல்ல மாடு நிக்கும். ஊசி போடுவேன்.

— மாமா, எப்படி இருக்கீங்கன்னு நான் கேட்டேன். நீங்க டைம்டேபிள் சொல்றீங்க.

— காலையில என்ன பண்றீங்கன்னும் கேட்டே.

— எப்படி இருக்கீங்கன்னு கேட்டதுக்குப் பதில் வரல. அதான் சுத்தி வளைச்சு கேட்டேன்.

— இருக்கேன். அதான் சொன்னேன்.

— நல்லா இருக்கு போங்க. சரி, இன்னைக்கு?

— இன்னைக்கு லீவு. மோட்டார் போட்டேன். பால் காய்ச்சினேன். கறியை அண்டால போட்டு அடுப்புல வச்சேன்.

— கிறிஸ்மஸ் அன்னைக்கு ராப் பூசைக்கு வராத ஆளு விடியக்காலையில கறி வேக வைக்கிறீங்க. மட்டனா?

— பன்னித் தொடை.

— மெதுவா, மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு.

— நான்தான் திறந்து வச்சேன்.

— மேல வீட்டுக்காரர் சுத்த சைவமாச்சே மாமா. அக்கா எப்பவும் ஜன்னலைச் சாத்தி, இடுக்குல துணி சொருகி வச்சுட்டுல்ல சமைப்பா?

— அவர் இறங்கி வந்தார். என்ன சார் வாசனைன்னார். பன்னின்னு சொன்னேன்.

— ஐயையோ. அவரு?

— தை மாசம் வீட்டைக் காலி பண்ணிடுங்கன்னார்.

— நீங்க?

— சரின்னேன்.

— எல்லாத்துக்கும் சரி. காலி பண்ணுன்னா சரி. கொழுந்தியாளைக் கட்டிக்கோன்னா சரி. உங்க வாயில வேற வார்த்தையே கெடையாதா?

— இரு, அடுப்பைக் குறைக்கணும்.

— இதப் பேசத்தான் நான் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன். அம்மா என்னமோ உங்களுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்க வந்திருக்கேன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு.

— இதுக்கு வெங்காயம் வேணாம்.

— மாமா!

— சொல்லு.

— வேணாம்னு சொல்லிடுங்க. மத்தியானம் அம்மா, அப்பா, சித்தப்பா எல்லாம் தட்டைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. இங்கயே எனக்குப் பூ வச்சுட்டுத்தான் போவாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் ஓலை வாசிப்பாரு. புகழேந்திக்கும் செம்மொழிக்கும் கல்யாணம், இதுக்குத் தடை இருந்தா யாரும் சொல்லலாம்னு. தடையே நான்தான் ஃபாதர்னு பொம்பளைங்க பக்கத்துலேருந்து நான் எழுந்து நிக்கணுமா?

— அந்தப் பக்கம் பிடி. கறியை வெளிய எடுக்கணும். சூடு, பாத்து.

— ஆத்தாடி. என்ன கனம். இது எத்தனை நாளா உப்புல கெடந்துச்சு?

— ஞாயித்துக்கிழமையிலேருந்து. உப்பு, வெல்லம், மிளகு, பட்டை போட்டுக் காய்ச்சி ஆறவச்ச தண்ணி. ஃப்ரிஜ்ஜுல தட்டெல்லாம் கழட்டிட்டு வாளியோட வச்சேன். எலும்பு ஓரம் உப்பு எறங்காது. அங்க ஊசியில ஏத்தினேன்.

— மாட்டு ஊசியிலயா?

— புதுசு. மருந்துக் கடையில வாங்கினேன்.

— போன வருஷம் அக்காவும் உங்ககிட்ட ஒரு ஊசி கேட்டா.

— கேட்டா.

— என்ன சொன்னீங்க?

— கவர்மெண்ட் சாமான், சமையலுக்குத் தர முடியாதுன்னேன்.

— புதுசா ஒண்ணு கடையில கெடைக்கும்னு அப்பத் தெரியாதா உங்களுக்கு?

— தெரியும்.

— ம்.

— தோலை உரிக்கணும். இந்த மூலையிலேருந்து கத்தியை விடு. கொழுப்பு போகக் கூடாது, தோல் மட்டும்.

— வாழ மட்டை மாதிரி வருது. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க? அக்காகிட்டயா?

— யூடியூப்ல. அவ செய்யும்போது நான் பாக்கல.

— பாண்டிச்சேரி ஓட்டல்ல பெரிய செஃப் அவளுக்குச் சொல்லிக் குடுத்தாராம். பொம்பளைப் புள்ளைங்கள்ல இவ ஒருத்திக்குத்தான் சொல்லிக் குடுத்தாராம். அந்த வேலையையும் நீங்கதான் விடச் சொன்னீங்க.

— விடச் சொல்லல.

— என்ன சொன்னீங்க அப்புறம்?

— உன் இஷ்டம்னேன்.

— அத நீங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு ஆட்டுக்குட்டி கூட மேயாது.

— கத்தியை என்கிட்ட குடு. குறுக்கும் நெடுக்குமா கீறணும். கட்டம் கட்டமா வரணும். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கிராம்பு குத்து.

— குத்துறேன். உங்களைக் குத்துறதா நெனைச்சுக்கிட்டே குத்துறேன், சந்தோஷமா இருக்கு. போன கிறிஸ்மஸ்ல என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க.

— உனக்குத்தான் தெரியுமே.

— அக்கா பக்கத்துக் கதை தெரியும். உங்க பக்கம்?

— ஆபீஸரும் இன்னும் ரெண்டு பேரும் சாப்பிட வந்தாங்க. இவ முழுத் தொடையையும் தட்டுல வச்சு, மேல அன்னாசி சொருகி, தூக்கிட்டு வெளிய வரப் போனா. நான் கிச்சன் கதவைச் சாத்தினேன்.

— அவ உள்ள இருக்கும்போது.

— உள்ள இருக்கும்போது. கடையில பிரியாணி வாங்கிட்டு வந்து போட்டேன்.

— அவங்க கேக்கலயா, வீட்டம்மா எங்கன்னு?

— தலைவலி, படுத்திருக்கான்னேன்.

— ஏன் மாமா? அந்த ஆபீஸரு என்ன, பன்னியப் பாத்ததில்லையா? அவரு படிச்சதே அதுக்கு வைத்தியம் பாக்கத்தானே?

— வைத்தியம் பாக்கறது வேற. ஹாஸ்டல்ல அஞ்சு வருஷம் என் டிபன் பாக்ஸைத் திறந்தாலே மோந்து பாப்பாங்க. கிறிஸ்மஸ் முடிஞ்சு ஊர்லேருந்து திரும்பினா, என்னடா, என்ன தின்னுட்டு வந்தேம்பாங்க. வேலைக்கு வந்தும் அது நடக்க வேணாம்னு பாத்தேன்.

— அது சரி. நீங்க வெக்கப்பட்டதுக்கு அவளை உள்ள வச்சுப் பூட்டுனீங்க.

— பூட்டல. சாத்தினேன்.

— மறுநாள் என்ன பண்ணுனா தெரியுமா? அந்தத் தொடையை அண்டால வச்சு மேல சேலையைப் போட்டு மூடி டவுன் பஸ்ஸுல ஏறிட்டா. என்னம்மா இதுக்குள்ளன்னு கண்டக்டரு கேட்டிருக்காரு. மாதா சுரூபம், வேளாங்கண்ணிலேருந்து மந்திரிச்சு எடுத்துட்டுப் போறேன்னிருக்கா. பாவம், அந்த மனுசன் எழுந்து அதுக்கு சீட்டு குடுத்துட்டாராம்.

— எனக்குத் தெரியாது.

— நம்ம தெருவே சிரிச்சுச்சு. எல்லார் வீட்டுக்கும் அவ கையாலயே அறுத்து அறுத்துக் குடுத்தா. அப்பா வாழ்நாள்ல அப்படி ஒரு கறி தின்னதில்லன்னு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு.

— அவ சாப்பிட்டாளா?

— வாயில வைக்கல.

— என்கிட்ட ஊருக்குப் போறேன்னு மட்டும்தான் சொன்னா.

— நீங்க என்ன கேட்டீங்க?

— எப்ப வருவேன்னு கேட்டேன். போன் அடிக்குது. எடு.

— அம்மாதான். என் கையெல்லாம் கொழுப்பு. நீங்களே ஸ்பீக்கர்ல போடுங்க.

— அத்தை, சொல்லுங்க.

— மாப்ள! நான் வேம்பு பேசறேன் தங்கம். கேக்குதா? இவ வந்து சேந்தாளா?

— வந்துட்டா அத்தை.

— ஏதாவது ஒத்தாசை பண்றாளா, இல்ல போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காளா?

— கிராம்பு குத்துறா.

— எதுல குத்துறா?

— கறியில.

— என்னமோ பண்ணுங்க. தங்கம், எண்ணெய்ச் சட்டி மட்டும் அடுப்புல ஏத்திராதீங்க. துக்க வருஷம். சாவு விழுந்த வீட்டுல பலகாரம் சுடக் கூடாது. அக்கம்பக்கத்துல குடுத்த முறுக்கு, அதிரசம் எல்லாம் தூக்குல போட்டுக் கொண்டாறேன்.

— எண்ணெய் இல்ல அத்தை. அவிச்சு, ஓவன்ல சுடறது.

— அப்படின்னா குத்தமில்ல. உங்க மாமா வெள்ள வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு மாப்ளை மாதிரி நிக்கிறாரு. அண்ணாதுரை கொழுந்தனும் வந்தாச்சு. பூவு, தட்டு, பழம் எல்லாம் எடுத்துட்டோம்.

— சரி அத்தை.

— எம் மவ மேலேருந்து பாத்துக்கிட்டுத்தான் தங்கம் இருப்பா. செவ்வந்தி கடைசியா கேட்ட வரமில்லையா. என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, அம்மா, அவரைத் தனியா விட்டுராதம்மா, தங்கச்சியக் குடுத்துரும்மா, அவரு வாய் தொறந்து கேக்க மாட்டாரும்மான்னு... வேணாம், நல்ல நாளும் அதுவுமா நான் அழக் கூடாது. பஸ் வந்துருச்சு. வச்சிடறேன்.

— கேட்டீங்களா மாமா?

— கேட்டேன்.

— அக்காவ அடக்கம் பண்ணுன அன்னைக்கு அது சொன்னது என்ன? அவரைத் தனியா விட்டுராதம்மா. அவ்வளவுதான். முப்பதாம் நாள் பூசையில தங்கச்சி சேந்துச்சு. இன்னைக்குக் கையைப் புடிச்சதும், வாய் தொறந்து கேக்க மாட்டாருங்கறதும் புதுசா வந்துருக்கு. ஈஸ்டருக்குள்ள ரெண்டு ஜெபமும் ஒரு பாட்டும் சேந்துரும்.

— அத்தை பொய் சொல்றாங்கங்கறியா?

— பொய்யுன்னா சண்டை போடலாமே. அது நம்பிடுச்சு. கவர்மெண்ட் மாட்டு டாக்டர் மாப்ளை நம்ம தெருவுல வேற யாருக்கு இருக்கு? கை விட்டுப் போயிரக் கூடாதுன்னு ராத்திரியும் பகலும் நெனைச்சு நெனைச்சு, அக்கா குரல்ல அதுக்கே கேட்டுருச்சு.

— வெல்லம் உருகிடுச்சான்னு பாரு.

— உருகிடுச்சு.

— அன்னாசிச் சாறை ஊத்து. கடுகுப் பொடி அந்தக் கிண்ணத்துல இருக்கு. கிளறிக்கிட்டே இரு, அடி பிடிக்கும். இதைத்தான் கறி மேல பூசணும்.

— மாமா, எனக்குக் கோயமுத்தூர்ல லேப்ல வேலை கெடைச்சிருக்கு. பொங்கல் கழிச்சு வந்து சேருன்னுட்டாங்க. அக்கா இருந்திருந்தா அவளே வந்து ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்திருப்பா. இப்ப அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே விட மாட்டேங்குது. கல்யாணத்துக்கப்புறம் மாப்ளை இஷ்டம்ங்குது. உங்க இஷ்டத்தோட லட்சணம் எனக்குத் தெரியாதா?

— நீ வேலைக்குப் போ. நான் தடுக்க மாட்டேன்.

— பாத்தீங்களா. கல்யாணமே வேணாம்ங்கறேன், நீங்க பர்மிஷன் குடுக்கறீங்க. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா? சாமி சத்தியமா சொல்லுங்க.

— அப்படியெல்லாம் இல்ல.

— நல்லதாப் போச்சு. எனக்கும் இல்ல. அப்புறம் எதுக்கு?

— அவ கேட்டா.

— யாரு?

— செவ்வந்தி. கூட இருந்தப்ப அவ நெறைய கேட்டா. நான் எதையும் செஞ்சதில்ல. வேளாங்கண்ணிக்கு நடந்து போகணும்னா, லீவு இல்லன்னேன். ஊசி கேட்டா, தரல. என்னோட பேசுங்கன்னா. என்ன பேசறதுன்னு கேட்டேன். கடைசியா ஒண்ணு கேட்டிருக்கா. அதை மட்டும் மறுக்க மாட்டேன்.

— அதனால இந்தக் கறியும், நானும்.

— என்ன?

— ரெண்டும் ஒண்ணுதான் உங்களுக்கு. ஜன்னலைத் திறந்து வச்சுப் பன்னி வேகவைக்கிறீங்க. அந்த ஆபீஸரைக் கூடக் கூப்பிட்டிருப்பீங்க.

— கூப்பிட்டேன். என்ன சாப்பாடுன்னு சொல்லித்தான் கூப்பிட்டேன்.

— வர்றாராமா?

— பாக்கலாம்னார்.

— செத்தவளுக்கு இப்ப எல்லாம் செய்றீங்க. நல்லது. செய்ங்க. ஆனா உங்க ஒறுத்தலுக்கு நான்தான் கெடைச்சேனா? தவக்காலத்துல காபிய விடுவாங்க, கறிய விடுவாங்க. எவனாவது கொழுந்தியாளைக் கட்டுவானா?

— ஓவனைத் திற.

— திறந்தாச்சு. உள்ள போகுதா?

— கால் பக்கம் இடிக்குது. சாய்ச்சு விடு. ம். போயிடுச்சு. பாதி சுட்டதும் எடுத்து இன்னொரு தடவை பூசணும்.

— மாமா, இங்க பாருங்க. என்னைப் பாத்துப் பேசுங்க, ஓவனைப் பாக்காதீங்க. அம்மா அந்த நேரம் ரூம்லயே இல்ல.

— எந்த நேரம்?

— அக்கா கடைசியா பேசுன நேரம். டெங்கு முத்திப் போச்சு, ரத்தம் ஏத்தணும், ஆள் கூட்டிட்டு வாங்கன்னாங்கல்ல. அம்மா கீழ வாசல்ல நின்னு நம்ம ஊர்ப் பசங்களுக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அது மேல வரும்போது அக்காவுக்கு நெனைவு தப்பிப் போச்சு. கையைப் புடிச்சாங்கறது எல்லாம் அதுக்கப்புறம். பேச்சில்லாத கை.

— அப்ப ரூம்ல யாரு இருந்தா?

— நான் மட்டும்தான்.

— இதை ஏன் அன்னைக்கே சொல்லல?

— எப்படிச் சொல்றது? ரெண்டு நாளா நீங்க பச்சத் தண்ணி குடிக்கல. அம்மா வந்து, உங்களைத் தனியா விட வேணாம்னு கேட்டுக்கிட்டா தங்கம்னு சொல்லுச்சு. அதைக் கேட்டுட்டுத்தான் சோத்துல கை வச்சீங்க. நான் எதிர்ல நின்னு ரசம் ஊத்திக்கிட்டிருந்தேன். அந்தத் தட்டை எப்படிப் புடுங்கறது?

— அப்ப அவ என்ன சொன்னா?

— ஒண்ணும் சொல்லல.

— செம்மொழி.

— தண்ணி கேட்டா. குடுத்தேன். அவ்வளவுதான்.

— நீ பொய் சொல்ற. பொய் சொன்னா உன் அக்கா மாதிரியே மூக்கைத் தேய்க்கிற.

— கிராம்பு காரம். அரிக்குது. விடுங்க மாமா. அவ உங்களை என்னைக் கட்டிக்கச் சொல்லல. அது போதாதா?

— போதாது. நீ வேணாம்ங்கறதுக்காக எதையும் சொல்லுவ. அத்தை சொன்னதுதான் எனக்கு இருக்கு. அதை வச்சுத்தான் எழுந்திருக்கேன், மோட்டார் போடறேன், வேலைக்குப் போறேன். சாகப் போறப்ப என்னை நெனைச்சாங்கறது எனக்குச் சின்ன விஷயம் இல்ல.

— தெரியும் மாமா. அதனாலதான் கேக்கறேன். நீங்களா வேணாம்னு சொல்லிடுங்க. அம்மா சொன்னதையே நம்பிக்கிட்டு இருங்க, நான் குறுக்க வர மாட்டேன். அக்கா கேட்டா, ஆனா என்னால முடியலன்னு சொல்லுங்க. நான் சொன்னா அப்பா அறைவாரு. நீங்க சொன்னா நிக்கும்.

— இதுக்கும் முடியலன்னு சொல்லச் சொல்றியா? அவ கேட்ட எல்லாத்துக்கும் அதைத்தானே சொன்னேன்.

— கடைசித் தடவையா சொல்லுங்க. எனக்காக.

— முடியாது.

— எனக்கு மட்டும் ஒரு 'முடியாது' வருது பாருங்க வாயில.

— ஓவனைத் திற. பூசணும்.

— நிறம் நல்லா வருது. அக்கா செஞ்சது மாதிரியே இருக்கு.

— அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

— தெருவுல ஆட்டோ நிக்குது. அவங்கதான். அப்பா குரல் கேக்குது. மாமா, இப்பவாவது...

— அவ போன அன்னைக்கு முகாம்ல மாட்டுக்கு ஊசி போட்டு முடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உடுப்பு கூட மாத்தல. நீ கதவுகிட்ட நின்னே. அக்கா தூங்குதுன்னே.

— ஆமா.

— சரின்னுட்டு வெளிய பெஞ்சுல உக்காந்தேன். நர்ஸ் ஓடற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். எட்டிக்கூடப் பாக்கல, முழிச்சுக்கப் போறான்னு. எப்பவும் விடியக்காலையில லைட்டைப் போட்டு அவ தூக்கத்தைக் கெடுப்பேன். அன்னைக்கு ஒரு நாள் தூங்க விட்டேன். யோசிச்சுப் பாத்தா அவளுக்கு நான் சரியா செஞ்சது அது ஒண்ணுதான்.

— மாமா, அதைச் சொல்லாதீங்க.

— ஏன்?

— அதைப் போய்ச் சொல்லாதீங்க மாமா. வேற எதை வேணா சொல்லுங்க.

— ஏன்? என்ன?

— அக்கா தூங்கல.

— என்ன சொல்ற?

— அம்மா கேட்டைத் திறக்குது. இப்பச் சொல்லலன்னா எனக்கு இனிமே வாய் வராது. அக்கா முழிச்சுத்தான் இருந்தா. வராண்டாவுல உங்க ஷூ சத்தம் கேட்டுச்சு. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் பேசல.

— என்ன சொன்னா?

— "அவருதான் வர்றாரு. நான் தூங்கிட்டேன்னு சொல்லிடுடி."